விடிய விடியக் கேட்டதும் விடிந்தபின் உண்டதும்

முதல் நாள்: ராமநாதபுரம்

திருச்சியில் ஏறிய ரயில் பரமக்குடியைத் தாண்டியதும் இருபுறத்துக் களங்களிலும் மிளகாய்ப் பழம் சிவந்து காய்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்கா, "முண்டு மிளகா வந்துருச்சு. இனிமே நம்ம சீமைதான்" என்றாள். அவளுக்கு வயது எழுபத்திரண்டு, எனக்கு அறுபத்தெட்டு. எங்கள் அப்பா மண்டபம் ரயில் நிலையத்தில் வேலை பார்த்தவர். பாட்டும் சாப்பாடும் என்றால் எத்தனை மைல் தூரமானாலும் எங்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். சிறு வயதில் அவரோடும், பிறகு தோழிகளோடும் கணவரோடும் பிள்ளைகளோடும் இந்தக் கடற்கரை ஊர்களில் நாங்கள் கேட்ட கச்சேரிகளையும் பார்த்த நாடகங்களையும் உண்ட சோற்றையும், அவை நிகழ்ந்த இடங்களுக்கே போய் ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் இந்த ஐந்து நாள் பயணத்தின் நோக்கம். புறப்படும் முன் நான் ஒரு நோட்டில் நினைவிலிருந்த நிகழ்ச்சிகளை ஆண்டு வாரியாக எழுதிக்கொண்டேன். அதைப் படித்துப் பார்த்த அக்கா, இவற்றில் பாதி தனக்கு நினைவில்லை என்றும், ஆனால் அந்தந்த நாளில் என்ன சாப்பிட்டோம் என்பதைத் தன்னால் சொல்ல முடியும் என்றும் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வரிக்கும் எதிரில் அதையும் எழுதிக்கொண்டேன்.

மதிய வெயில் தணிந்ததும் அரண்மனைக்குப் போனோம். கிழவன் சேதுபதி காலத்து ராமலிங்க விலாசம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. சுவரெங்கும் ராமாயணக் காட்சிகளும் அரசவைக் காட்சிகளுமாக இருக்கும் ஓவியங்களை அக்கா ஒவ்வொன்றாக நின்று பார்த்தாள். நானோ மண்டபத்தின் நடுவில் நின்று, இங்கே ஒலி எப்படிச் சுற்றி வந்திருக்கும் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். விவேகானந்தரை ஆதரித்த பாஸ்கர சேதுபதியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதே சமஸ்தானத்தில் வித்துவானாக இருந்த 'பூச்சி' ஸ்ரீநிவாச ஐயங்காரைப் பற்றி இந்த ஊரிலேயே இன்று எத்தனை பேருக்குத் தெரியும் என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். இன்றைய கச்சேரி முறையை வகுத்தவர் என்று போற்றப்படும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அவரிடம் பாடம் கேட்டவர். சென்னையில் மார்கழி மாதத்து அரங்குகளில் வர்ணத்தில் தொடங்கித் துக்கடாக்களில் முடியும் ஒவ்வொரு கச்சேரியையும் கேட்கும்போது, இந்தச் செம்மண் ஊரின் பங்கு அதில் இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுவது என் வழக்கம்.

1966-ஆம் ஆண்டு நவராத்திரியில் அப்பா எங்களை ராஜராஜேசுவரி அம்மனைத் தரிசிக்க இங்கே அழைத்து வந்தார். அன்று மாலை வாசித்த நாதஸ்வரக்காரர் யார் என்பது எனக்குத் தெரியாது. அவர் வாசித்தது தோடி என்பதுகூட எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. ஆனால் அந்த ஆலாபனை எங்கோ மேலே போய் நின்று, இறங்காமல் அங்கேயே வட்டமிட்டுக்கொண்டிருந்ததும், அப்பா என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டே கண்ணை மூடியிருந்ததும் அப்படியே நினைவில் இருக்கின்றன. அக்காவுக்கு அன்றைய நினைவு மொச்சைச் சுண்டல். தேங்காய்த் துருவலோடு மாங்காயும் கிள்ளிப் போட்ட முண்டு மிளகாயும் சேர்ந்த அந்தச் சுண்டலைத் தையல் இலையில் வாங்கி, கோயில் படியில் உட்கார்ந்து தின்றோம் என்றாள். மாங்காய் கிடைக்கும் காலம் அது இல்லையே என்று நான் கேட்டதற்கு, அப்படியானால் புளிச்ச ஏதோ ஒன்று என்று சொல்லிவிட்டாள்.

இரவு உணவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இட்லி சாப்பிட்டுப் படுத்துவிட்டோம்.

இரண்டாம் நாள்: திருப்புல்லாணி, கீழக்கரை

காலையில் திருப்புல்லாணி. ராமன் கடலரசனிடம் வழி கேட்டுத் தர்ப்பைப் புல்லின்மேல் கிடந்தான் என்று சொல்லப்படும் தலம் இது. தசரதன் பிள்ளை வரம் வேண்டிப் பாயசம் பெற்ற கதையும் இதே தலத்தோடு சேர்ந்திருப்பதால், பாயசம்தான் இங்கே பிரசாதம். திருமங்கையாழ்வார் பாசுரங்களைச் சிலர் சேர்ந்து சேவித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குரல் இன்னொருவர் குரலின்மேல் சற்றே பிந்தி விழும் அந்தச் சேவிப்பை இசை என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் நான் தூண் ஓரமாக நின்று முடியும்வரை கேட்டேன். 1983-இல் என் கணவரோடு வந்தபோதும் இதே தூணோரம்தான் நின்றேன். அப்போது குழந்தை வேண்டி வந்திருந்தோம். சூடான பாயசத்தைத் தொன்னையில் வாங்கி, ஆற வைக்கப் பொறுமையில்லாமல் நாக்கைச் சுட்டுக்கொண்டார் அவர். இன்று பாயசம் இளஞ்சூடாக இருந்தது. அக்கா தன் பங்கில் பாதியை எனக்கு ஊற்றினாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மாலையில் கீழக்கரைக்குப் போனோம். இது நோன்பு மாதம். என் கல்லூரித் தோழி ஒருத்தி நோன்பு திறக்கும் நேரத்துக்கு வந்துவிட வேண்டும் என்று நான்கு முறை தொலைபேசியில் சொல்லியிருந்தாள். வள்ளல் சீதக்காதியின் ஊர் இது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்தவர் அவர். பழைய ஜும்ஆ பள்ளிவாசலின் கல்தூண்களை வெளியிலிருந்து பார்ப்பவர் அதைப் பாண்டிய நாட்டுக் கோயில் மண்டபம் என்றே நினைக்கக்கூடும். ஒரே கல்தச்சர் மரபு இரண்டு வழிபாட்டுக்கும் கல் செதுக்கியிருக்கிறது. அந்தத் தூண்களைத் தாண்டிக் குறுகிய தெருக்களில் நடக்கும்போதே, வீட்டுக்கு வீடு வேகும் கஞ்சியின் வெந்தய வாசம் வந்தது.

நோன்புக் கஞ்சி பல ஊர்களில் குடித்திருக்கிறேன். கீழக்கரைக் கஞ்சியில் தேங்காய்ப் பாலும் பூண்டும் வெந்தயமும் சிறு கறித்துண்டுகளும் ஒன்றை ஒன்று மிஞ்சாமல் நிற்கும். அரிசி குழைந்திருக்க வேண்டும், ஆனால் கூழாகிவிடக் கூடாது. தோழியின் உம்மா உயிரோடு இருந்த காலத்தில் அந்தப் பதத்தைக் கரண்டியை உயர்த்திப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். இன்று தோழியின் மருமகள் செய்திருந்தாள். அதே பதம். கஞ்சிக்குப் பின், தொழுகை முடிந்து, பெண்கள் நாங்கள் ஐந்து பேர் ஒரே சகனைச் சுற்றி உட்கார்ந்து நெய்ச்சோறு சாப்பிட்டோம். பெரிய தட்டின் நடுவில் சோற்றைக் குவித்துக் கறியைச் சுற்றி வைத்து, அவரவர் தம் முன்னால் இருப்பதை மட்டும் எடுத்து உண்ணும் முறை அது. நல்ல கறித்துண்டு யார் பக்கம் இருக்கிறதோ அவர் அதை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவார். அந்தத் துண்டு தட்டைச் சுற்றி வந்து கடைசியில் விருந்தாளியிடம் நிற்கும். இன்று அது அக்காவிடம் நின்றது.

இதே வீட்டு மாடியில்தான் 1977-இல், தோழியின் அண்ணன் கல்யாணத்தன்று, நாகூர் ஹனிபாவின் கச்சேரியைக் கேட்டேன். பெயரில் நாகூர் இருந்தாலும் அவர் 1925-இல் பிறந்தது ராமநாதபுரத்தில். தெருவில் பந்தல் போட்டு மேடை அமைத்திருந்தார்கள். பெண்கள் மாடிகளில் இருந்தோம். நடுவில் மின்சாரம் போய் ஒலிபெருக்கி நின்றுவிட்டது. பக்கவாத்தியக்காரர்கள் தயங்கினார்கள், அவர் தயங்கவில்லை. இருட்டில், எந்தக் கருவியின் துணையும் இல்லாமல், அந்த வெண்கலக் குரல் தெருவின் இரு சுவர்களிலும் மோதிக்கொண்டு எங்கள் மாடிக்கு ஏறி வந்தது. மின்சாரம் திரும்ப வந்தபோது 'ஏன் வந்தது' என்று பக்கத்தில் ஒரு பாட்டி கேட்டார். ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு பெரும் பாடகரைக் கேட்கும் பேறு எனக்கு வாழ்க்கையில் மூன்று முறைதான் கிடைத்தது, அவற்றில் இது முதலாவது. அக்கா அந்தக் கல்யாணத்துக்கு வரவில்லை. அவளுக்காகத் தோழியின் உம்மா கொடுத்தனுப்பிய தொதல் மட்டும் போய்ச் சேர்ந்தது. தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் அரிசி மாவும் சேர்த்து, எண்ணெய் பிரிந்து வரும்வரை மணிக்கணக்கில் கை ஓயாமல் கிண்ட வேண்டிய பண்டம் அது. அக்காவைப் பொறுத்தவரை ஹனிபாவின் கச்சேரி என்றால் அந்தத் தொதல்தான்.

இரவு திரும்பும்போது தோழி ஒரு பெரிய பொட்டலத் தொதலை எங்கள் பையில் திணித்தாள்.

மூன்றாம் நாள்: ஏர்வாடிக்கு அப்பால்

பகலில் ஏர்வாடி தர்காவுக்குப் போய் வந்தோம். சந்தனக்கூட்டு விழாவை 1971-இல் அப்பாவோடு இங்கே பார்த்திருக்கிறோம். விளக்கலங்காரத்தோடு கூடு அசைந்து வர, அதன் முன்னால் கொட்டு முழக்கத்துக்கு ஏற்பக் குதிரைகள் கால் மாற்றி மாற்றி ஆடின. அந்தக் கொட்டின் தாளம் மறுநாள் பள்ளிக்கூடத்திலும் என் காலில் இருந்தது. மற்றபடி இன்றைய பகலில் வேறு செய்தியில்லை. எங்கள் மனம் இரவை எதிர்பார்த்திருந்தது.

இங்கிருந்து சற்றுத் தொலைவில் உள்ள ஒரு கடலோரச் சிற்றூரில் குலதெய்வக் கோயில் விழாவான மாசிக் களரியை ஒட்டி 'வள்ளி திருமணம்' நாடகம் என்று தேநீர்க் கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இதை ஸ்பெஷல் நாடகம் என்று சொல்வோம். இந்த நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1867-இல் பிறந்து 1922-இல் மறைந்தவர். அவர் வகுத்துக் கொடுத்த பாட்டும் வசனமும் நடிகர்கள் அனைவருக்கும் பொது. அதனால் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும், பபூனும் ஹார்மோனியக்காரரும் வேறு வேறு ஊர்களிலிருந்தும் வந்து, ஒத்திகை எதுவும் இல்லாமல், பல சமயம் அன்று இரவுதான் முதன்முதலாக ஒருவரை ஒருவர் பார்த்து, விடியும்வரை ஒரு நாடகத்தை நடத்தி முடிப்பார்கள். இதைவிடக் கடினமான மேடைக் கலையை நான் அறியேன். ஒரு நாரதர் எந்தக் கேள்வியைப் போடுவார் என்று வள்ளிக்குத் தெரியாது. வள்ளி எந்த விருத்தத்தை எந்த ராகத்தில் எடுப்பாள் என்று ஹார்மோனியக்காரருக்குத் தெரியாது. அவள் முதல் எழுத்தை இழுக்கும்போதே அவர் விரல் சுருதியைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

1968-இல், எனக்குப் பதினொரு வயதில், மண்டபத்துக்கு மேற்கே ஒரு மீனவர் ஊரில் அப்பா எங்களுக்குக் காட்டிய வள்ளி திருமணம்தான் என் வாழ்க்கையில் நான் பார்த்த மேடை நிகழ்ச்சிகள் அனைத்திலும் முதலில் நிற்பது. பிற்காலத்தில் பெரிய நகரங்களின் குளிரூட்டிய அரங்குகளில் புகழ்பெற்றவர்களைக் கேட்டிருக்கிறேன். அந்த வரிசை மாறவில்லை. மணலில் பாய் விரித்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பெட்ரோமாக்ஸ் விளக்கின் இரைச்சலும் அதற்குப் பின்னால் கடலின் இரைச்சலுமாக இருந்தது. தினைப்புனத்தில் பரணேறிய வள்ளி 'ஆலோலம்' என்று பறவைகளை விரட்டிப் பாடத் தொடங்கியபோது, அந்த ஓலத்தின் கடைசி எழுத்தை அவள் விடாமல் இழுத்துக்கொண்டே போக, ஹார்மோனியம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஹார்மோனியக்காரர் வேண்டுமென்றே கையை எடுத்துவிட்டார் என்று அப்பா பிறகு சொன்னார். கடலின் இரைச்சலை மட்டும் சுருதியாக வைத்துக்கொண்டு அந்தப் பெண் பாடினாள். நாரதரோடு தர்க்கம் முடிந்து, கிழவனாக வந்த முருகனுக்கு அவள் தேனும் தினைமாவும் கொடுத்து, அவனுக்கு விக்கல் எடுத்த இடம்வரை எனக்கு நினைவிருக்கிறது. பிறகு தூங்கிவிட்டேன். கல்யாணத்தை நான் பார்க்கவில்லை.

இன்றைய நாடகம் பத்தரை மணிக்குத் தொடங்கியது. நோட்டீஸில் போட்ட நேரத்தைவிட ஒரு மணி நேரத் தாமதம். பபூனும் டான்ஸும் வந்துபோன முதல் ஒன்றரை மணி நேரத்தில் கூட்டம் சிரித்து மகிழ்ந்தது. சினிமாப் பாட்டுகள் நிறைய. அதில் எனக்கு மனக்குறை இல்லை, எங்கள் காலத்திலும் அப்படித்தான். ஒலிபெருக்கியின் அளவைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. குழாய்கள் கிழக்கும் மேற்குமாகத் திரும்பி நின்று ஹார்மோனியத்தின் நுட்பங்களையெல்லாம் ஒரே தகர ஓசையாக்கிவிட்டன. நான் எழுந்து போய் ஒலிபெருக்கி வைத்திருந்த பையனிடம், "தம்பி, கொஞ்சம் குறைச்சு வைப்பா, பாட்டு கேக்கணும்ல" என்று சொன்னேன். பாட்டி சொன்னதற்காகக் குறைத்தான். நான் திரும்பி வந்து உட்காருவதற்குள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து கூட்டச் சொல்லிவிட்டார். கடைசி வீடுவரை கேட்க வேண்டுமாம், படுத்த படுக்கையாக இருக்கும் கிழவர்கள் அங்கே இருக்கிறார்களாம். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

நள்ளிரவுக்குப் பின் ஸ்திரீபார்ட் வந்தார். நாற்பதைத் தாண்டிய பெண். குரலில் சற்றுக் கம்மல் இருந்தது. தொடர்ந்து பல இரவுகள் பாடிய குரல் அது. ஆயினும் தர்க்கத்தில் நாரதர் திருப்புகழிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டபோது, அவர் அதே சந்தத்திலேயே விடையைத் தொடுத்து, கடைசி அடியில் நாரதரின் ஊர்ப் பெயரையும் கோத்துவிட்டார். மிருதங்கக்காரர் மகிழ்ந்து ஓர் அறுதி வைத்தார். கூட்டத்தில் பாதி தூங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், விழித்திருந்த எங்கள் ஐம்பது அறுபது பேரின் கைதட்டலை அவர் தலை தாழ்த்தி வாங்கிக்கொண்டார். அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிப் போயிருந்தாள், ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் தூங்கியதைப் போலவே.

நான்காம் நாள்: விடியற்காலை முதல் பாம்பன்வரை

விக்கல் கட்டம் வந்ததும் எனக்குக் கண் சொருகியது. இந்த முறை தூங்கக் கூடாது என்று எழுந்து நின்றுகொண்டேன். மூன்று மணியிலிருந்து கடற்காற்று மாறி வீசியது. பனைமரங்களுக்கு அப்பால் கிழக்கு வெளுக்கும் நேரத்தில் வள்ளிக்கும் முருகனுக்கும் மாலை மாற்றினார்கள். முதன்முதலாக அந்தக் கல்யாணத்தை நான் முழுவதும் பார்த்தேன். பூசாரி மேடைக்கே வந்து திருநீறு கொடுத்தார். எழுந்த அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

மணலைத் தட்டிப் பாயைச் சுருட்டும்போதுதான் அவள் அதைச் சொன்னாள். 1968-இல் நான் தூங்கிய பிறகு அவள் விழித்துக்கொண்டாளாம். நாடகம் முடிந்ததும் ஊர் அம்பலகாரர் வீட்டுத் திண்ணையில் எல்லோருக்கும் பழைய சோறும் முதல்நாள் மீன்குழம்பும் வைத்தார்களாம். வேஷம் கலைக்காமல், முகத்து அரிதாரம் வியர்வையில் கோடு கோடாக இறங்கியிருக்க, வள்ளியாக நடித்தவர் எங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாராம். திருக்கை மீன் குழம்பு. மண்சட்டியில் ஓர் இரவு இருந்து புளியும் மிளகாயும் மீனுக்குள் இறங்கியது. அவர் இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கி, விரல்களை நக்கி, "இதுக்காகவே இன்னொரு தினைப்புனம் காக்கலாம்மா" என்று அம்மாவிடம் சொன்னாராம்.

"இத்தன வருசமா ஏங்கா சொல்லல?"

"நீ கேக்கலயே. நீ எப்பப் பார்த்தாலும் அவ பாடுனதத்தான் சொல்லுவ."

நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்க்கையின் மிகச் சிறந்த பாடகி, நான் தூங்கிக்கொண்டிருந்தபோது என் அம்மாவின் தோளை உரசிக்கொண்டு உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறாள். அவளை மறுபடி நான் எங்கும் பார்த்ததில்லை, அவள் பெயரும் தெரியாது.

மேடைக்குப் பின்னால் கலைஞர்கள் அவசரமாகப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் விடிந்ததும் வேனில் ஏறி அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். யாரும் திண்ணையில் உட்காருவதில்லை. அக்கா தன் பையைத் துழாவி, முந்தைய நாள் சத்திரத்தில் கட்டிவந்த எலுமிச்சைச் சோற்று டப்பாவையும் கீழக்கரைத் தொதலையும் எடுத்துக்கொண்டு நேராக ஸ்திரீபார்ட் பெண்மணியிடம் போனாள். அவர் முதலில் மறுத்தார், பிறகு நின்றவாறே சாப்பிட்டார். நான் அந்தத் தர்க்கத்தின் கடைசி அடியைச் சொல்லிப் பாராட்டினேன். வாயில் சோற்றோடு சிரித்தார். தொண்டை கட்டியிருக்கும்போது தொதல் நல்லதா என்று கேட்டார். கருப்பட்டி நல்லதுதான் என்று அக்கா உறுதியாகச் சொல்லிவிட்டாள்.

அங்கிருந்து கடற்கரைக்கு நடந்தபோது கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கயிற்றுக்குப் பதினைந்து பேர். ஒருவர் அம்பா எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அதன் ஈற்றில் ஒரே மூச்சாக இழுத்தார்கள். முன்பு எங்கும் கேட்ட அம்பாப் பாட்டு இப்போது அருகிவிட்டது. கைபேசியில் பாட்டு ஓடவிட்டு இழுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இங்கே எடுத்துக் கொடுத்த முதியவரின் குரலில் இனிமை என்று எதுவும் இல்லை. ஆனால் பாட்டு பிசகினால் முப்பது பேரின் இழுப்பும் பிசகும் என்பதால், அந்தத் தாளத்தில் ஓர் இம்மிகூட நெகிழ்வில்லை. ஹார்மோனியம் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே பாட்டு எதற்காக இருந்ததோ அதை நேரில் பார்ப்பதுபோல் இருந்தது. வலையின் மடி கரையேறியதும் அதில் சூடையும் காரலும் துள்ளின. ஒரு வீட்டில் சொல்லி வைத்து, அந்தச் சூடை மீனையே குழம்பாக்கித் தரச் செய்து, காலை ஒன்பது மணிக்குச் சுடுசோற்றில் ஊற்றிச் சாப்பிட்டோம். இந்தப் பயணத்தின் சாப்பாடுகளில் நான் முதலிடம் கொடுப்பது இதற்கே. அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. நேற்று ஆக்கியிருந்தால்தான் குழம்பு என்கிறாள்.

பிற்பகலில் பேருந்தில் மண்டபம் வழியாகப் பாம்பனுக்கு வந்தோம். நாங்கள் வளர்ந்த ரயில்வே குடியிருப்பைத் தேடிப் பார்க்க அக்காவுக்கு மனமில்லை. சாலைப் பாலத்தின் மேலிருந்து இரண்டு ரயில் பாலங்களையும் பார்த்தோம். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் இப்போது ரயில் போவதில்லை. அதன் பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் நடுப்பகுதி, கப்பலுக்கு வழிவிடச் செங்குத்தாக மேலே எழும்பும் அமைப்புடையது.

ஐந்தாம் நாள்: ராமேசுவரம், தனுஷ்கோடி

ராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிராகாரத்தை நீளத்துக்காகவும் தூண்களுக்காகவும் எல்லோரும் பார்க்கிறார்கள். 1975 ஆடித் திருக்கல்யாணத்தின்போது அந்தப் பிராகாரத்தின் ஒரு கோடியில் நாதஸ்வரம் ஒலிக்க, மறு கோடியில் நின்று கேட்டவள் நான். வாசிப்பவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தூண் தூணாகத் தட்டிக்கொண்டு வந்த ஒலி எங்களை அடையும்போது ஒரு நாதஸ்வரம் நான்காகியிருந்தது. தவிலின் ஒவ்வொரு சொல்லும் தன் எதிரொலியோடு மோதிக் குழம்பியது என்பதும் உண்மை. கல்யாணி போன்ற ராகத்தை விளம்பமாக வாசிப்பதற்கு அந்தக் கல்மண்டபத்தைவிடச் சிறந்த இடம் இல்லை, வேகமான தனி ஆவர்த்தனத்துக்கு அதைவிட மோசமான இடமும் இல்லை. இன்று அங்கே தீர்த்தமாடி ஈரத்துணியோடு விரைபவர்களின் காலடியோசை மட்டும்தான். இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் குளித்த பசியில் அன்று நால்வரும் முப்பத்தாறு இட்லி சாப்பிட்டதாக அக்கா கணக்குச் சொல்கிறாள். அவள் எண்ணியிருப்பாள்.

நண்பகலில் தனுஷ்கோடி. பனையோலைக் கொட்டகைகளில் பெண்கள் மிளகாயும் மஞ்சளும் உப்பும் பூசிய மீனைப் பொரித்துக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு பாறை மீன் துண்டு வாங்கிக்கொண்டு, இடிந்த தேவாலயச் சுவரின் நிழலில் உட்கார்ந்தோம். 1964 டிசம்பர் 22 இரவில் இந்த ஊரைக் கடல் கொண்டுபோனபோது அப்பா மண்டபத்தில் பணியில் இருந்தார். எனக்கு ஏழு வயது. தப்பி வந்தவர்களுக்காக எங்கள் குடியிருப்பில் பெண்கள் சேர்ந்து அண்டாவில் கஞ்சி காய்ச்சினார்கள். உப்பும் ஒரு துண்டு கருவாடும்தான் அதற்குத் துணை. எங்களுக்கும் அதுவேதான் சாப்பாடு. கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் ஒரு பெண் ஒப்பாரி சொன்னாள். வீட்டையும் ஆட்டையும் வலையையும் பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைத்தாள். அதை நான் என் நோட்டில் நிகழ்ச்சி என்று எழுதவில்லை, எழுதவும் கூடாது. ஆனால் பிற்காலத்தில் முகாரி ராகத்தை எவர் எடுத்தாலும் எனக்கு முதலில் கேட்பது அந்தக் குரல்தான். அக்கா பொரித்த மீனைத் தின்று முடிக்கவில்லை. மீதியை நாய்க்குப் போட்டாள். சேதமடைந்த பாம்பன் பாலத்தை நாற்பத்தாறு நாளில் சரிசெய்து ரயில் விட்டதை அப்பா சாகும்வரை பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தார் என்று அவள் நினைவூட்டினாள்.

இரவு ரயிலுக்கு ராமேசுவரம் நிலையத்துக்குத் திரும்பினோம். இதை ரயிலில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். வண்டி புதிய பாலத்தின்மேல் ஏறி மெதுவாகப் போகத் தொடங்கியபோது பெட்டியில் பெரும்பாலோர் ஜன்னல் பக்கம் எழுந்து போனார்கள். அக்கா மட்டும் எழவில்லை. "அந்தப் புள்ள அன்னைக்கு ஆலோலம்னு என்னதான் பாடுனா? நான் தூங்கிட்டேன்ல. மெல்லப் பாடிக் காட்டேன்" என்றாள்.

கீழே கடல் இருட்டாக இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர்களுக்குக் கேட்காத குரலில் பாடினேன். அந்தக் கடைசி எழுத்தை அவள் இழுத்த அளவுக்கு எனக்கு இழுக்க வரவில்லை, மூச்சு முன்னமே தீர்ந்துவிட்டது. அக்கா பொட்டலத்தைப் பிரித்து, மிச்சமிருந்த தொதலை நகத்தால் இரண்டாகக் கிள்ளி, பெரிய பாதியை என் கையில் வைத்துவிட்டு, இன்னொரு முறை பாடச் சொன்னாள்.